நண்பர்களின் பெயரில் பிள்ளைகள்
கப்பல் ஏறிய பாட்டுகள் – பகுதி 9

சாத்தம் தீவில் 1789-இல் ஆர்ச்சிபால்டு பிளேர் போட்ட முதல் குடியேற்றம் வடக்கு அந்தமானுக்கு இடம் மாறி, காய்ச்சலில் ஆட்கள் மடிந்துகொண்டே போக, 1796-இல் மூடப்பட்டதைச் சென்ற பகுதியில் பார்த்தோம். அதே 1796 ஜூலை 25-ஆம் தேதி ஸ்காட்லாந்தின் தெற்கே டம்ஃப்ரீஸ் நகரத் தெருக்களில் ஒரு சவ ஊர்வலம் போனது. முன்னும் பின்னும் சிப்பாய்கள் நடந்தார்கள், ஊரே திரண்டு நின்றது. இறந்தவர் சுங்கவரி இலாகாவில் வேலை பார்த்த 37 வயதுக்காரர். அவருடைய மனைவி ஜீன் ஊர்வலத்தைப் பார்க்கவில்லை. வீட்டில் பிரசவ வலியோடு கிடந்தார். அன்றைக்கே ஆண் குழந்தை பிறந்தது. கணவருக்குக் கடைசிவரை வைத்தியம் பார்த்த நண்பர் டாக்டர் வில்லியம் மாக்ஸ்வெல்லின் நினைவாகக் குழந்தைக்கு மாக்ஸ்வெல் என்று பெயரிட்டார்கள்.

இறந்தவர் ராபர்ட் பர்ன்ஸ். ஸ்காட்லாந்து தன் தேசியக் கவியாகக் கொண்டாடுகிற மனிதர். அந்தமானில் குட்வில் எஸ்டேட்டில் இருந்துகொண்டு அவரைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று கேட்டால், நிறைய இருக்கிறது. அவருடைய பிள்ளைகள் இருவர் கம்பெனிப் பட்டாளத்தில் சேர்ந்து இந்தியாவுக்கு வந்தவர்கள், அதில் ஒருவர் மதராஸ் பட்டாளம். அவருடைய பாட்டின் மெட்டு வேறொரு வழியில் வங்காளம் போய், வங்காளிக் குடும்பங்களோடு இந்தத் தீவுகளுக்கே வந்தது. ஆளையும் பாட்டையும் கப்பலேற்றி அனுப்பிய அந்த மனிதர் மட்டும் தம் வாழ்நாளில் ஒருமுறைகூடக் கடல் கடக்கவில்லை. ஒரே ஒரு தடவை கிளம்பப் பார்த்தார். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் பிள்ளைகளின் பெயர்கள். 1789-இல் பிறந்தவன் ஃபிரான்சிஸ் வாலஸ். வாலஸ் குடும்பத்தில் பிறந்தவரும், பர்ன்ஸுக்கு ஆண்டுக்கணக்கில் தாய்போல் கடிதம் எழுதி வந்தவருமான திருமதி ஃபிரான்சிஸ் டன்லப்பின் பெயர் அது. 1791-இல் பிறந்தவன் வில்லியம் நிக்கல். எடின்பரோ உயர்நிலைப் பள்ளியின் லத்தீன் ஆசிரியர் ஒருவரின் பெயர். அடுத்து வந்த பெண் குழந்தை எலிசபெத் ரிடல். பக்கத்துப் பண்ணைச் சீமான் ரிடல் குடும்பத்தின் பெயர். 1794-இல் பிறந்தவன் ஜேம்ஸ் கிளென்கேர்ன். எடின்பரோவில் முன்பின் தெரியாத குடியானவக் கவிஞனைக் கையைப் பிடித்துப் பெரிய மனிதர்களிடம் அறிமுகம் செய்துவைத்த கிளென்கேர்ன் பிரபுவின் பெயர். பிரபு 1791-லேயே இறந்துவிட்டார். இறந்தவரால் இனி ஒரு காசு உதவி கிடையாது. அப்படியிருந்தும் மூன்றரை ஆண்டுகள் கழித்துப் பிறந்த பிள்ளைக்கு அந்தப் பெயர்தான் மனதில் வந்தது.

பர்ன்ஸ் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அவருடைய காதல்களை எழுதுவார்கள், அல்லது குடியை எழுதுவார்கள். காதல்கள் இருந்தன, அவற்றால் பெண்கள் பட்ட துன்பமும் உண்டு. வில்லியம் நிக்கல் பிறப்பதற்குச் சில நாட்கள் முன்னால்தான் வேறொரு பெண்ணிடம் பர்ன்ஸுக்கு ஒரு மகள் பிறந்தாள். அந்தக் குழந்தையையும் தன் பிள்ளைகளோடு சேர்த்து வளர்த்தவர் ஜீன். இதை மூடிமறைக்கத் தேவையில்லை. ஆனால் இந்த மனிதரைத் தாங்கி நிறுத்தியது நட்பு என்பதுதான் என் கட்சி. பாட்டுகளும் அந்த நட்பிலிருந்தே வந்தன.

பர்ன்ஸ் பிறந்தது 1759 ஜனவரி 25, அயர்ஷயரின் அலோவே கிராமத்தில். அப்பா வில்லியம் ஒரு தோட்டக்காரர். தம் கையாலேயே மண்சுவர் வைத்துக் கட்டிய குடிசை. குழந்தை பிறந்த சில நாளில் அடித்த புயலில் சுவரின் ஒரு பக்கம் சரிந்து, தாயையும் பிள்ளையையும் பக்கத்து வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அம்மா ஆக்னஸுக்கு எழுதத் தெரியாது, பழம்பாட்டுகள் தெரியும். வீட்டுக்கு வந்துபோன பெட்டி டேவிட்சன் என்ற உறவுக்காரக் கிழவிக்குப் பேய்க்கதை, பிசாசுக்கதை எல்லாம் தெரியும். அப்பாவோ பிள்ளைகளுக்குப் படிப்பு வேண்டும் என்று அண்டை வீட்டாரோடு சேர்ந்து ஜான் மர்டாக் என்ற வாத்தியாரைச் சம்பளம் கொடுத்து வைத்தார். வாய்ப்பாட்டு ஒரு பக்கம், ஏட்டுப் படிப்பு ஒரு பக்கம், நடுவில் ஏர். குத்தகை நிலத்தில் பையன் 15 வயதிலேயே பெரியவர்களுக்குச் சமமாக உழைத்தான். பின்னாளில் அவர் உயிரைக் குடித்த இதய நோய்க்கு அந்த இளவயது உழைப்பில் வேர் இருந்திருக்கலாம் என்பது பின்வந்த மருத்துவர்கள் பலரின் கருத்து.

முதல் பாட்டும் அந்த வயதில்தான். அறுவடையின்போது ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் ஜோடியாக வேலைக்கு விடுவது அந்த ஊர் வழக்கம். பர்ன்ஸுக்கு ஜோடியாக வந்தவள் நெல்லி. வேலை முடிந்ததும் அவள் கையில் ஏறிய முட்களையும் காஞ்சொறிச் சுணையையும் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டதை அவரே பின்னர் ஒரு கடிதத்தில் விரிவாக எழுதியிருக்கிறார். நெல்லிக்கு ஓர் ஆட்ட மெட்டு ரொம்பப் பிடிக்கும். அந்த மெட்டுக்குச் சொல் வைத்துப் பார்த்தான் பையன். பர்ன்ஸின் முதல் படைப்பே மெட்டுக்கு எழுதியதுதான், கடைசிப் படைப்பு என்று சொல்லத்தக்கதும் மெட்டுக்கு எழுதியதுதான். மெட்டுக்குப் பாட்டெழுதுவதை இரண்டாந்தர வேலையாக நினைக்கும் பழக்கம் நம்மில் சிலருக்கு இன்னும் இருக்கிறது. பாரதியே பழைய மெட்டுகளை எடுத்தாண்டிருக்கிறார் என்பதை மறந்துவிட்டுப் பேசுகிற பேச்சு அது.

1786 அவருக்குப் பொல்லாத ஆண்டு. அப்பா இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. பண்ணையில் நட்டம். ஜீன் ஆர்மர் கர்ப்பமாக இருந்தார், அவருடைய அப்பா இந்தக் கல்யாணத்தை ஏற்க மறுத்தார். ஊரை விட்டே போய்விடலாம் என்று பர்ன்ஸ் தேர்ந்தெடுத்த இடம் ஜமைக்கா, அங்கே ஒரு கரும்பு எஸ்டேட்டில் கணக்கப்பிள்ளை வேலை. ஆண்டுக்கு 30 பவுண்டு பேச்சு. எஸ்டேட் கணக்கப்பிள்ளை என்றால் ஏட்டில் எண் எழுதுவதோடு முடிவதில்லை என்பது இலங்கை மலையகத்தில் வாழ்ந்தவர்களுக்குத் தெரியும். ஜமைக்காவிலோ உழைத்தவர்கள் கூலிகள்கூட இல்லை, ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வந்து விற்கப்பட்ட அடிமைகள். அவர்களை விடியலில் வயலுக்கு ஓட்டுகிறவர்களில் ஒருவராகத்தான் பர்ன்ஸ் போயிருப்பார். மனித சமத்துவத்தைப் பாடிய கவிஞர் அந்த வேலைக்கு ஒப்புக்கொண்டார் என்பதை ஸ்காட்லாந்து இன்று வெளிப்படையாகப் பேசுகிறது. பேசத்தான் வேண்டும்.

அவரைத் தடுத்தது ஒரு புத்தகமும் ஒரு கடிதமும். கப்பல் கட்டணத்துக்குப் பணம் திரட்ட 1786 ஜூலை 31-இல் கில்மார்னக்கில் ஜான் வில்சன் அச்சகத்தில் அவருடைய கவிதைப் புத்தகத்தை 612 பிரதிகள் போட்டார்கள். விலை மூன்று ஷில்லிங். நண்பர்கள் முன்கூட்டியே சந்தா திரட்டினார்கள். ஒரே மாதத்தில் ஏறக்குறைய எல்லாம் விற்றுத் தீர்ந்தன. எடின்பரோவில் இருந்த கண் தெரியாத கவிஞர் டாக்டர் தாமஸ் பிளாக்லாக் அந்தக் கவிதைகளைக் கேட்டுவிட்டு, இவருக்கு உடனே இரண்டாம் பதிப்பு போட வேண்டும் என்று கடிதம் எழுதினார். கடிதம் பர்ன்ஸுக்குக் காட்டப்பட்டது. அவர் கப்பலை விட்டுவிட்டுக் குதிரை ஏறி எடின்பரோ போனார்.

அங்கே மாளிகைகளில் அவருக்குக் கிடைத்த வரவேற்பை நான் நீட்டப் போவதில்லை. ஒரு விருந்தில் 15 வயதுப் பையன் ஒருவன் அவருடைய கண்களைப் பார்த்துவிட்டு வாழ்நாள் முழுக்க மறக்கவில்லை. அவன் வால்டர் ஸ்காட். அந்த நகரத்தில் பர்ன்ஸ் செய்த காரியங்களில் எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. தமக்கு முன்னோடியான ராபர்ட் ஃபெர்குசன் என்ற கவிஞர் 24 வயதில் பைத்தியக்கார விடுதியில் இறந்து, கல்கூட இல்லாமல் கேனன்கேட் கல்லறைத் தோட்டத்தில் கிடந்தார். தாம் நேரில் கண்டிராத அந்த மனிதருக்குப் பர்ன்ஸ் தம் செலவில் கல் நட அனுமதி வாங்கினார். அது இன்றும் இருக்கிறது.

லத்தீன் வாத்தியார் நிக்கல் இந்த எடின்பரோ நாட்களில் கிடைத்த நண்பர்தான். சட்டென்று கோபம் வருகிற மனிதர், யாருக்கும் தலைவணங்காதவர். 1787 ஆகஸ்டு கடைசியில் இருவரும் ஒரு வண்டி அமர்த்திக்கொண்டு வடக்கு மலைநாட்டுக்குப் பயணம் போனார்கள். கார்டன் கோட்டையில் டியூக்கும் சீமாட்டியும் பர்ன்ஸைச் சாப்பாட்டுக்கு உட்கார வைத்துவிட்டார்கள். பேச்சு நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான், நண்பர் சத்திரத்தில் காத்திருக்கிறார் என்று பர்ன்ஸ் சொன்னார். உடனே அழைப்பு போனது. அதற்குள் நிக்கல் தன்னை மறந்துவிட்டார்கள் என்ற ஆத்திரத்தில் சத்திர வாசலில் முன்னும் பின்னும் நடந்தபடி குதிரைகளைப் பூட்டச் சொல்லிக்கொண்டிருந்தார். டியூக் வீட்டு ஆள் எவ்வளவு கெஞ்சியும் இறங்கி வரவில்லை. ஒரு பக்கம் நாட்டின் மிகப் பெரிய சீமான் வீடு, தங்கிப் போகச் சொல்லும் உபசாரம். மறுபக்கம் முறைத்துக்கொண்டு நிற்கும் பள்ளி வாத்தியார். பர்ன்ஸ் வண்டியில் ஏறி நண்பர் பக்கத்தில் உட்கார்ந்தார். வருத்தம் இருந்தது, கோட்டைக்குப் பாட்டெழுதி அனுப்பி அதைத் தீர்த்துக்கொண்டார். நாலு ஆண்டு கழித்து மகனுக்கு வைத்த பெயர் இந்த வாத்தியாருடையது.

எடின்பரோ தந்த இன்னொரு நண்பர் ஜேம்ஸ் ஜான்சன். அதிகம் படிக்காத செதுக்குத் தொழிலாளி. உலோகத் தகட்டில் இசைக்குறிப்பைப் பொறித்து மலிவாக அச்சிடும் வழியைக் கையாண்டவர். ஸ்காட்லாந்தின் பாட்டுகள் அத்தனையையும் மெட்டோடு சேர்த்து அச்சில் கொண்டுவர வேண்டும் என்பது அவர் ஆசை. தொகுதிக்கு நூறு பாட்டு, மொத்தம் ஆறு தொகுதிகள், 1787 முதல் 1803 வரை. இரண்டாம் தொகுதியிலிருந்து உண்மையான பதிப்பாசிரியர் பர்ன்ஸ்தான். அறுநூறில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அவர் கை பட்டவை. கிழவிகளிடமும் வண்டிக்காரர்களிடமும் கேட்டு எழுதினார். பல்லவி மட்டும் மிஞ்சியிருந்தால் சரணம் சேர்த்தார், கொச்சையாக இருந்ததைச் செப்பனிட்டார், சொல் இல்லாத மெட்டுக்குச் சொல் வைத்தார். எது பழையது, எது தம்முடையது என்று பல இடங்களில் சொல்லவே இல்லை.

இதற்கு அவர் ஒரு காசு வாங்கவில்லை. வாங்கத் தேவையில்லாத அளவுக்கு வசதி இருந்ததா என்றால் இல்லவே இல்லை. அவர் உழுத எல்லிஸ்லாந்துப் பண்ணை கையைக் கடித்தது. 1789-இல் பிளேர் சாத்தம் தீவில் முகாம் போட்ட ஆண்டில் பர்ன்ஸ் சுங்கவரி வேலையில் சேர்ந்து, ஆண்டுக்கு 50 பவுண்டு சம்பளத்துக்குப் பத்துத் திருச்சபை எல்லைகளைக் குதிரையில் சுற்றினார். வாரத்துக்கு 200 மைல். ஜார்ஜ் தாம்சன் என்ற இன்னொரு தொகுப்பாளர், மேட்டுக்குடி வீடுகளில் பியானோவோடு பாடுவதற்கான தொகுப்பு ஒன்றைத் தொடங்கிப் பாட்டு கேட்டபோதும் எழுதிக்கொடுத்தார். 1793-இல் தாம்சன் 5 பவுண்டு அனுப்பியதும், இது தம்மைச் சிறுமைப்படுத்துகிறது, இன்னொரு முறை செய்தால் உறவே வேண்டாம் என்று கோபமாகக் கடிதம் போனது. கவிதைப் புத்தகத்துக்குப் பதிப்பாளர் வில்லியம் கிரீச்சிடம் விலை பேசிப் பணம் வாங்கியவர்தான் இவர். பாட்டுக்கு மட்டும் விலை இல்லை. அது ஊராருடையது, தாம் கையாள்கிறவர் மட்டுமே என்று அவர் மனதார நம்பினார்.

அவர் பாட்டு கட்டும் முறையைத் தாம்சனுக்கே எழுதியிருக்கிறார். மெட்டு முழுதாக மனதில் ஏறும்வரை சொல்லைத் தொடமாட்டார். முணுமுணுத்துக்கொண்டே வெளியே நடப்பார், சுற்றுமுற்றும் பார்ப்பார். சொல் ஒத்துழைக்கவில்லையென்றால் வீட்டுக்குத் திரும்பிக் கணப்படுப்புப் பக்கத்தில் நாற்காலியைப் பின்னங்கால்களில் சாய்த்து ஆட்டிக்கொண்டே வரிகளை எழுதுவார். எழுதியதைப் பாடிக் காட்ட ஜீன் இருந்தார். ஜீனுக்கு அருமையான குரல், மேல்ஸ்தாயியும் தடுமாறாமல் வரும். எழுதிய சொல் வாயில் உட்காருகிறதா என்று சொல்லிவிடக்கூடிய ஒருவர் வீட்டிலேயே இருந்தது அந்தப் பாட்டுகளின் பெரும் பாக்கியம்.

உலகம் முழுக்கப் பிரிவு நேரத்தில் பாடப்படும் ஆல்டு லாங் சைன் அப்படி வந்ததுதான். 1788-இல் டன்லப் அம்மாவுக்கு அனுப்பினார். அச்சிலே இல்லாத பழம்பாட்டு, ஒரு கிழவர் பாடக் கேட்டு எழுதினேன் என்று தாம்சனிடம் சொன்னார். அவர் எழுதியது எவ்வளவு, கிழவரிடமிருந்து வந்தது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கும் வழியை அவர் யாருக்கும் விட்டுவைக்கவில்லை. ஜான்சனின் ஐந்தாம் தொகுதியில் அது அச்சானபோது பர்ன்ஸ் உயிரோடு இல்லை. இன்று நாம் கேட்கிற மெட்டில் தாம்சன் அதைப் பதிப்பித்தது 1799-இல்.

கடைசி மாதம் கொடுமையானது. டன்லப் அம்மாவோடு பிரெஞ்சுப் புரட்சியை ஒட்டிய ஒரு கடிதத்தால் பிணக்கு, ஒன்றரை ஆண்டாகப் பதில் இல்லை. பர்ன்ஸ் அந்தப் புரட்சியை ஆதரித்தார். அம்மாவின் மகன்கள் ராணுவத்தில், மருமகன்கள் பிரான்சிலிருந்து தப்பி வந்த அரச பக்தர்கள். அந்த நிலையிலும் நோயாளியைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்து வீட்டு ஜெஸ்ஸி லூவர்ஸ் வந்து நின்றாள். உடன் வேலை பார்த்தவரின் தங்கை, 18 வயது. உனக்குப் பிடித்த மெட்டை வாசி என்றார் பர்ன்ஸ். ரென் என்ற சின்னக் குருவியின் கூட்டுக்கு இன்னொரு பறவை வந்த கதையைச் சொல்லும் குழந்தைப் பாட்டு ஒன்றை அவள் வாசித்தாள். இரண்டு மூன்று முறை கேட்டுவிட்டு அந்த மெட்டுக்கு அவளுக்காக அவர் எழுதிய பாட்டு, நட்புப் பாட்டுகளில் முதல் வரிசையில் நிற்பது. பிற்காலத்தில் ஜெர்மனியின் மெண்டல்சோன் அதற்கு வேறு மெட்டமைத்தார்.

ஜூலை 12-இல், சால்வே கடலோரத்து வைத்தியக் குளியலிலிருந்து, ஐந்து பவுண்டு கடனாகக் கேட்டுத் தாம்சனுக்கு எழுதினார். சீருடை தைத்த கடைக்காரர் பணம் கேட்டு நெருக்கியிருந்தார், சிறையில் போட்டுவிடுவார்கள் என்ற பயம். பாட்டுக்கு விலை வாங்க மறுத்த கை அது. சும்மா வேண்டாம், பாட்டாகத் திருப்பித் தருகிறேன் என்று அந்தக் கடிதத்திலும் சொன்னார். தாம்சன் பணம் அனுப்பினார். ஒன்பதாம் நாள், ஜூலை 21-இல், பர்ன்ஸ் இறந்தார்.

நண்பர்கள் குடும்பத்தைக் கைவிடவில்லை. லிவர்பூல் மருத்துவர் ஜேம்ஸ் கரி 1800-இல் நான்கு தொகுதிகளாகப் படைப்புகளைப் பதிப்பித்து வருமானத்தைக் குடும்பத்துக்குக் கொடுத்தார். (பர்ன்ஸ் குடித்தே செத்தார் என்ற கதை பரவியதும் அதே பதிப்பின் வாழ்க்கை வரலாற்றால்தான். நல்ல மனம் மட்டும் போதாது என்பதற்கு அது ஒரு வேதனையான சாட்சி.) ஃபிரான்சிஸ் வாலஸ் 1803-இல் சிறுவனாகவே இறந்தான். வில்லியம் நிக்கலும் ஜேம்ஸ் கிளென்கேர்னும் கம்பெனி வேலைக்குப் போனார்கள். அந்தக் காலத்தில் சொத்தில்லாத ஸ்காட்லாந்துப் பையன்களுக்குத் திறந்திருந்த கதவு அது. தாமஸ் மன்றோ கிளாஸ்கோவிலிருந்து அப்படி வந்தவர்தான்.

வில்லியம் நிக்கல் 1811-இல் மதராஸ் பட்டாளத்தில் சேர்ந்தார். ஏழாவது மதராஸ் நேட்டிவ் இன்ஃபன்ட்ரி. 30 ஆண்டுகளுக்கு மேல் அந்தப் படையிலேயே இருந்து, லெப்டினன்ட் கர்னலாக 1843-இல் ஓய்வு பெற்றார். அவர் பணியில் இருந்த காலத்தில்தான் மன்றோ மதராஸ் கவர்னரானார், எழும்பூரில் ஸ்காட்லாந்துக்காரர்களுக்கென்று புனித ஆண்ட்ரூ தேவாலயம் 1821-இல் திறக்கப்பட்டது. தம்பி ஜேம்ஸ் வங்காளப் படையில் சேர்ந்து பிறகு கச்சாரில் ஆட்சி அதிகாரியானார். சம்பளம் வரத் தொடங்கியதும் டம்ஃப்ரீஸில் இருந்த தாய்க்குப் பணம் அனுப்பினார்கள். அதுவரை ஒரு பிரபு தந்துவந்த உதவித்தொகையை ஜீன் அதன்பின் வாங்கவில்லை. ஜேம்ஸின் மனைவி இந்தியாவிலேயே இறந்தபோது, அவர்களுடைய சின்னப் பெண் சாராவைக் கப்பலேற்றிப் பாட்டியிடம் அனுப்பினார்கள். பாட்டியும் பேத்தியும் சேர்ந்திருக்கும் ஓவியம் இருக்கிறது.

எடின்பரோ வாத்தியாரின் பெயரும் இறந்துபோன பிரபுவின் பெயரும் இப்படி நம் நாட்டுப் பட்டாளப் பதிவேடுகளில் ஏறின. 1844 ஆகஸ்டு 6-இல் அயர் ஊரில் பர்ன்ஸுக்குப் பெருவிழா எடுத்தபோது, மூத்த மகன் ராபர்ட்டோடு இந்த இருவரும் மேடையில் நின்றார்கள். அவர்களைப் பார்க்கப் பல்லாயிரம் பேர் திரண்டார்கள்.

பிள்ளைகள் வந்த வழி அது. பாட்டு வந்த வழி வேறு. 1878-இல் இங்கிலாந்து போன இளைஞர் ரவீந்திரநாத் தாகூர் அங்கே ஸ்காட்லாந்து, அயர்லாந்து மெட்டுகளைக் கற்றுக்கொண்டு திரும்பினார். ஆல்டு லாங் சைன் மெட்டில் புரானோ ஷேய் தினேர் கொத்தா, பர்ன்ஸின் டூன் ஆற்றங்கரைப் பாட்டின் மெட்டில் ஃபூலே ஃபூலே என்று வங்காளத்தில் பாட்டுகள் பிறந்தன. சொல்லும் உணர்வும் தாகூருடையவை; பர்ன்ஸ் கிழவரிடம் செய்ததைத் தாகூர் பர்ன்ஸிடம் செய்தார். 1949 முதல் கிழக்கு வங்காள அகதிகள் அந்தமானில் குடியமர்த்தப்பட்டபோது அவர்களோடு ரவீந்திர சங்கீதமும் வந்தது. திக்லிப்பூர், ஹேவ்லாக் பக்கத்து விழா மேடைகளில் புரானோ ஷேய் பாட்டைக் கேட்கிற தமிழர் பலருக்கு அது பள்ளிக்கூடத்தில் கேட்ட மெட்டாயிற்றே என்று தோன்றியிருக்கும். சென்னைப் பரங்கிமலை ராணுவ அதிகாரிகள் பயிற்சிக் கல்லூரியில் பயிற்சி முடித்தவர்கள் கடைசி அடி வைக்கும்போது பேண்ட் வாசிப்பதும் இதே மெட்டுதான்.

மலையகத்தைச் சொல்லாமல் இதை முடிக்க மனமில்லை. ஸ்காட்லாந்துக்காரர் ஜேம்ஸ் டெய்லர் 1867-இல் தேயிலை போட்டதிலிருந்து இலங்கை மலைகளில் துரைமார் பலர் ஸ்காட்லாந்துக்காரர்கள். எஸ்டேட்டுகளுக்கே ஸ்காட்லாந்து ஊர்ப் பெயர்கள். துரை பங்களாவுக்குக் கீழே லயங்களில் நம் பெண்கள் பாடிய தாலாட்டும் ஒப்பாரியும் கங்காணியை ஏசும் பாட்டும் அச்சில் இல்லாமல் கிடந்தன. அவற்றைத் தேடித் தொகுத்தவர் சி.வி. வேலுப்பிள்ளை (1914–1984), அந்த எஸ்டேட்டுகளிலேயே வளர்ந்து, தொழிற்சங்கத்தில் உழைத்து, 1947-இல் நாடாளுமன்றம் போனவர். பர்ன்ஸ் அயர்ஷயரில் செய்த வேலையைத் தமிழில் செய்தவர் என்று ஒருவரைக் காட்டச் சொன்னால் நான் அவரைத்தான் காட்டுவேன். சாஸ்திரி – சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு அந்த மலைகளிலிருந்து திரும்பிய குடும்பங்களில் சில நிக்கோபாரின் கச்சால் தீவு ரப்பர் தோட்டத்துக்கு வந்தன. அவர்கள் கொண்டுவந்த பாட்டுகள் இங்கே இன்னும் முறையாகப் பதிவு செய்யப்பட வேண்டும். பாடத் தெரிந்த பாட்டிகள் இருக்கும்போதே செய்தாக வேண்டிய வேலை இது.

வில்லியம் நிக்கல் மதராஸ் பட்டாளத்தில் சேர்ந்த அதே 1811-இல் ஜாவாவில் ஒரு ஸ்காட்லாந்துக் கவிஞர் காய்ச்சலில் இறந்தார். வால்டர் ஸ்காட்டோடு சேர்ந்து எல்லைப்புறக் கதைப்பாட்டுகளைத் திரட்டியவர், 1803-இல் மருத்துவராக மதராஸில் வந்து இறங்கியவர், இரண்டு ஆண்டு கழித்து நோயோடு வங்கக் கடலைக் கடந்து பினாங்கு போனவர். ஜான் லேடனின் கதை அடுத்த பகுதியில்.